முதலாளியும் எழுத வேண்டுமா? தாட் லீடர்ஷிப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி நடத்துகிறவர்களுக்குக் கட்டுரையும் மேடைப் பேச்சும் எழுத உதவுவது என் பிழைப்பு. பெரும்பாலும் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து ஆட்கள். சில வருடங்களாக யாரைப் பார்த்தாலும் "எல்லாரும் தாட் லீடர்ஷிப்ங்கிறாங்களே, நாமளும் பண்ணணுமா?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போனதால், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

தாட் லீடர்ஷிப் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

'சிந்தனைத் தலைமை' என்று சொல்லுக்குச் சொல் மாற்றியவர்கள் உண்டு. யாரும் அதை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானும் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஒரு தொழிலில் பல வருடம் ஊறியவர், தனக்குத் தெரிந்ததை, தான் விற்கும் சரக்கை நடுவில் இழுக்காமல், அடுத்தவருக்குப் பயன்படும்படி பொதுவில் சொல்கிறார். நாளடைவில் அந்தத் துறையில் ஒரு சிக்கல் வந்தால், "அவர் என்ன சொல்லியிருக்கார், பாருங்க" என்று ஆட்கள் தேட ஆரம்பிக்கிறார்கள். முதல் பாதி நம் கையில் இருக்கிறது. இரண்டாம் பாதி ஊர் கொடுப்பது. விசிட்டிங் கார்டில் 'தாட் லீடர்' என்று அச்சடித்துக்கொள்வது, தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொள்வது மாதிரி.

விளம்பரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. இதைச் சொன்னதால் சொன்னவருக்கு ஏதாவது இழப்பு வரக்கூடுமா? ஒரு தவற்றை ஒப்புக்கொண்டிருக்கிறாரா, பின்னால் யாராவது எடுத்துக் காட்டி "அன்னைக்கு இப்படிச் சொன்னீங்களே" என்று கேட்கும்படி ஒரு கணக்கைச் சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் அது எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் விளம்பரம்தான். விளம்பரம் தப்பில்லை. அதற்கு வேறு பட்ஜெட், அவ்வளவுதான்.

இது புதுசாக வந்த பழக்கமா?

பெயர்கூடப் புதுசில்லை. 1887-லேயே ஹென்றி வார்டு பீச்சர் என்ற அமெரிக்கப் பாதிரியாரை 'தாட் லீடர்' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1889-ல், உருக்கு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 'செல்வம்' என்ற தலைப்பில் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். பணக்காரன் தன் சொத்தை உயிரோடு இருக்கும்போதே பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். சொன்னபடி கொடுக்கவும் செய்தார். அவர் பணத்தில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. ஆனால் கட்டுரை வந்த மூன்றாவது வருடம், 1892-ல், அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்புத் தகராறு முற்றி, நிர்வாகம் கூலிக்கு அமர்த்திய காவல் படைக்கும் தொழிலாளர்களுக்கும் நடந்த மோதலில் உயிர்கள் போயின. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். இன்றுவரை கார்னகியின் கட்டுரையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹோம்ஸ்டெட்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். எழுதுகிற முதலாளிக்கு இந்தத் தொல்லை அன்றே இருந்தது: அவர் எழுத்தை அவர் ஆலை வாசலில் வைத்துத்தான் படிப்பார்கள்.

நம் நாட்டில் பெரிய உதாரணம் 1944-ல் வந்த பம்பாய்த் திட்டம். ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ், கஸ்தூர்பாய் லால்பாய், லாலா ஸ்ரீராம், அர்தேஷிர் தலால், ஏ.டி. ஷ்ராஃப், ஜான் மத்தாய் என்று எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். சுதந்திரம் வருமுன்பே, சுதந்திர இந்தியாவின் பொருளாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று தொழில்துறை ஆட்களே உட்கார்ந்து போட்ட கணக்கு அது: 15 வருடம், 10,000 கோடி ரூபாய், தனிநபர் வருமானம் இரண்டு மடங்கு. அதைவிட ஆச்சரியம், அரசுக்குப் பெரிய பங்கு வேண்டும் என்று முதலாளிகளே எழுதியது. பின்கதை இன்னும் சுவாரசியமானது. கையெழுத்துப் போட்ட ஜான் மத்தாய் பிறகு நிதியமைச்சராகி, திட்டக் கமிஷனுக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தை ஏற்காமல் 1950-ல் ராஜினாமா செய்தார். ஷ்ராஃப் 1956-ல் தனியார் தொழிலுக்காக வாதாட ஒரு அமைப்பையே தொடங்கினார். பொதுவில் ஒரு கருத்தைச் சொல்லி, பிறகு அதன் விளைவோடு மல்லுக்கட்டுவது எப்படியிருக்கும் என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி இல்லை.

எங்கள் பக்கத்திலேயே சொல்வதென்றால் பொள்ளாச்சி நா. மகாலிங்கம். சக்தி குழுமத்தை நடத்திக்கொண்டே 'ஓம் சக்தி' மாத இதழை நடத்தினார். நதிநீர் இணைப்பு முதல் வள்ளலார் வரை விடாமல் எழுதினார், பேசினார். அவரிடம் போய் "நீங்கள் ஒரு தாட் லீடர்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

நடுவில் இருந்த ஆள் போய்விட்டார் என்பதுதான் முதல் காரணம். முன்பு ஒரு தொழிலதிபர் ஊருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பத்திரிகை ஆசிரியர் மனசு வைக்க வேண்டும். 2003-ல் தொழில் ஆட்களுக்கான சமூக ஊடகமான லிங்க்ட்இன் வந்தது. 2012-ல் பெயர்பெற்ற தொழில் தலைவர்கள் சிலரை அழைத்து அங்கேயே நேரடியாக எழுதவைத்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டது.

இரண்டாவது, வாங்குகிறவர் மாறிவிட்டார். ஒரு நூற்பாலைக்கு இயந்திரம் வாங்கப் போகிற மேலாளர், சேல்ஸ்மேன் வருவதற்கு முன்பே பாதி முடிவு எடுத்துவிடுகிறார். தேடுகிறார், படிக்கிறார், வீடியோ பார்க்கிறார். அந்த நேரத்தில் உங்கள் பெயர் கண்ணில் பட்டால் சரி. படாவிட்டால் நீங்கள் விலைப்பட்டியலில் மூன்றாவது பெயர். வேலைக்கு வருகிற பிள்ளைகளும் அப்படித்தான். நேர்காணலுக்கு முன்பே முதலாளி யார், என்ன பேசுகிறார் என்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

உலகத்தில் யாரைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ளலாம்?

தயக்கமில்லாமல் வாரன் பஃபெட்டை. முதலீட்டு யோசனைக்காகச் சொல்லவில்லை, எழுத்துக்காகச் சொல்கிறேன். பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தை 1965-ல் கையில் எடுத்தவர், ஆண்டுதோறும் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதினார். 1977 முதலான கடிதங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அலங்காரமே இல்லாத பழங்காலத்துத் தளம் அது. ஒரு சனிக்கிழமை காலையில் கடிதம் வெளியாகும். அன்றைக்கு உலகம் முழுக்க நிதித்துறை ஆட்கள் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸையும் பெர்ட்டியையும் மனதில் வைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறார். இருவரும் புத்திசாலிகள், பெர்க்ஷயரில் கணிசமான பணம் போட்டவர்கள், ஆனால் கணக்கியல் படித்தவர்கள் இல்லை. ஒரு வருடம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்த அக்கா தங்கைக்கு வியாபாரம் எப்படிப் போகிறது என்று சொல்வதுபோல எழுத வேண்டும். இந்த ஒரு உத்தியே முக்கால்வாசி ஜம்பத்தை வெட்டிவிடும். அக்காவிடம் போய் "நமது ஒருங்கிணைந்த தீர்வுகள்" என்று யாராவது பேசுவார்களா?

இரண்டாவது, தவறுகள். 1993-ல் டெக்ஸ்டர் என்ற செருப்புக் கம்பெனியை வாங்கினார். பணமாகக் கொடுக்காமல் பெர்க்ஷயரின் 25,203 பங்குகளைக் கொடுத்தார். மலிவான இறக்குமதி வந்து கம்பெனி ஒன்றுமில்லாமல் போனது. கொடுத்த பங்குகளோ விலை ஏறிக்கொண்டே போயின. 2007-ஆம் ஆண்டுக் கடிதத்தில், இந்தத் தப்பால் பங்குதாரர்களுக்குப் போனது 350 கோடி டாலர் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. பதினான்கு வருடத்துக்கு முந்தைய தப்பு. வேறு யாராக இருந்தாலும் அது மறந்துபோகட்டும் என்று விட்டிருப்பார்கள். 2025 பிப்ரவரியில் வந்த கடிதத்தில், 2019 முதல் 2023 வரையிலான கடிதங்களில் 'தவறு', 'பிழை' என்ற சொற்களை 16 தடவை பயன்படுத்தியிருப்பதாக எண்ணிச் சொன்னார். பல பெரிய கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஒரு தடவைகூட அந்தச் சொற்களைத் தொடவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். குத்தல்தான். ஆனால் குத்துவதற்கு உரிமை சம்பாதித்தவர்.

மூன்றாவது, எடிட்டர். அவர் கடிதங்களை 1977 முதல் செதுக்கிக் கொடுத்தவர் 'ஃபார்ச்சூன்' பத்திரிகையாளர் கேரல் லூமிஸ். உலகத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவருக்கே சிவப்புப் பேனா வைத்த ஆள் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். என் கட்சிக்காரர்களிடம் கட்டணம் கேட்கும்போது இதைத்தான் சொல்வேன்.

ஒரு கடிதம் தொழிலின் போக்கை மாற்றுமா?

சில நேரம் மாற்றியிருக்கிறது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், இணையத்தில் வீடியோவும் விளையாட்டும் ஓடவைத்த அடோபியின் ஃப்ளாஷ் தொழில்நுட்பத்தை ஐபோனில் ஏன் அனுமதிக்க மாட்டோம் என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பாதுகாப்பு, பேட்டரி, தொடுதிரைக்கு ஒத்துவராமை என்று காரணங்களை வரிசையாக அடுக்கினார். அடுத்த வருடக் கடைசியில் அடோபி நிறுவனம் மொபைலுக்கான ஃப்ளாஷை நிறுத்துவதாக அறிவித்தது. 2020 முடிவோடு ஃப்ளாஷே முடிந்தது. கடிதத்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். கடிதத்துக்குப் பின்னால் கோடிக்கணக்கான ஐபோன்கள் இருந்தன. அதில் ஆப்பிளின் சுயநலமும் இருந்தது, யாரும் மறுக்க மாட்டார்கள். சுயநலம் இருந்தும் வாதம் சரியாக இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஜெஃப் பெசோஸ் செய்தது வேறு மாதிரி. அமேசான் பங்குச்சந்தைக்கு வந்த 1997-ஆம் ஆண்டுக்கான முதல் கடிதத்தில், உடனடி லாபத்தைவிட நீண்டகாலத்தைப் பார்த்தே முடிவெடுப்போம், அது பிடிக்காதவர்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள் என்ற தொனியில் எழுதினார். பிறகு ஒவ்வொரு வருடக் கடிதத்தின் வாலிலும் அந்தப் பழைய கடிதத்தின் நகலை அப்படியே ஒட்டினார். வருடாவருடம் நம் பழைய வாக்கை நாமே எடுத்து நீட்டுவதற்குத் தைரியம் வேண்டும். இதைச் செய்யத் தயாரா என்று நான் ஒரு நண்பரிடம் கேட்டேன். "போன வருஷ தீபாவளி மலர்ல நான் கொடுத்த பேட்டியையே யாரும் பார்த்துடக் கூடாதுன்னு இருக்கேன்" என்றார்.

சமூகம், அரசியல் பற்றியெல்லாம் கருத்துச் சொல்லலாமா?

இதற்கு பதில் சொல்வதற்கு முன் லாரி ஃபிங்க்கின் கதையைக் கேளுங்கள். உலகத்திலேயே அதிகமான பணத்தை நிர்வகிக்கும் பிளாக்ராக் நிறுவனத்தின் தலைவர். 2012 முதல், தாங்கள் முதலீடு செய்துள்ள கம்பெனிகளின் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதிவந்தார். 2018 ஜனவரிக் கடிதம் பெரிதாகப் பேசப்பட்டது: லாபம் மட்டும் போதாது, ஒவ்வொரு கம்பெனியும் சமூகத்துக்கு என்ன நன்மை செய்கிறது என்றும் காட்ட வேண்டும் என்றார். அப்போது அவர்கள் கையில் இருந்தது சுமார் 6 லட்சம் கோடி டாலர். எனவே அதை யாரும் வெறும் கடிதமாகப் படிக்கவில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவின் 181 பெரிய கம்பெனித் தலைவர்கள் சேர்ந்து, பங்குதாரர் மட்டுமில்லாமல் தொழிலாளி, வாடிக்கையாளர், ஊர் என்று எல்லோருக்காகவும்தான் கம்பெனி என்று கையெழுத்துப் போட்டார்கள். 2020-ல் ஃபிங்க் இன்னொரு படி ஏறி, பருவநிலை ஆபத்து என்பது முதலீட்டு ஆபத்து என்று எழுதினார்.

அப்புறம்தான் இரண்டு பக்கமும் அடி. சுற்றுச்சூழல் ஆட்கள், "சொல்கிறீர்கள், ஆனால் எண்ணெய்க் கம்பெனிப் பங்குகளை வைத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்" என்றார்கள். குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்கள், "ஓய்வூதியப் பணத்தை வைத்து அரசியல் செய்கிறீர்கள்" என்றன. 2022 டிசம்பரில் புளோரிடா மாநிலம் 200 கோடி டாலரைத் திரும்ப எடுப்பதாக அறிவித்தது. 2023-ல் ஃபிங்க், 'இஎஸ்ஜி' என்ற சொல்லையே இனிப் பயன்படுத்துவதில்லை என்றார். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் சுருக்கப் பெயர் அது. 2025 ஜனவரியில், நிகர பூஜ்ஜிய உமிழ்வுக்காக நிதி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்திருந்த கூட்டணியிலிருந்து பிளாக்ராக் விலகியது.

அவர் சொன்ன கருத்து சரியா தப்பா என்பது வேறு சண்டை. என்னைப் பொறுத்தவரை அவர் சறுக்கிய இடம், அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய அளவுக்கு, தான் அதற்காக எதை விடத் தயார் என்று எழுதாதது. கொஞ்சம் எழுதினார், நிலக்கரி நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியை விற்பதாகச் சொன்னார். அந்தக் கடிதங்களின் குரலுக்கு அது போதவில்லை.

எனவே என் பதில்: உங்கள் தொழில் தொடும் பொதுப் பிரச்சினையில் தாராளமாகப் பேசுங்கள். சாயப்பட்டறை வைத்திருப்பவர் நொய்யல் ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருந்தால்தான் விசித்திரம். பேசும்போது உங்கள் ஆலைக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அதைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், ஆற்றைப் பற்றியும் வாயைத் திறக்காதீர்கள்.

ஏதாவது சொல்லி, எல்லோரும் திட்டினால் என்ன செய்வது?

முதலில், திட்டுவது நியாயமா என்று பாருங்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, நாட்டு இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்று ஊழியர்களிடம் பேசிய வீடியோ வெளியானது. நாடே கொதித்தது. அதே மாதக் கடைசியில் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பது உடலுக்குக் கேடு என்பதற்கான ஆய்வுகளை எடுத்துக் காட்டியது. மூர்த்தி தன் கருத்திலிருந்து இறங்கவில்லை. தானும் அப்படித்தான் உழைத்தேன் என்று அவரால் சொல்ல முடியும். ஆனால் தன் கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் முதலாளி உழைக்கும் 70 மணியும், மாதச் சம்பளக்காரர் உழைக்கும் 70 மணியும் ஒன்றில்லை என்ற சின்னக் கணக்கு அவர் பேச்சில் இல்லை. திட்டியவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள்.

தப்பு என்று தெரிந்தால் சத்யா நாதெள்ளா மாதிரி செய்யுங்கள். 2014 அக்டோபரில், மைக்ரோசாஃப்ட் தலைவராகி எட்டு மாதத்தில், கணினித்துறைப் பெண்கள் கூடிய மேடையிலேயே, சம்பள உயர்வு கேட்பதைவிட அமைப்பின் மீது நம்பிக்கை வைத்துக் காத்திருப்பது நல்லது என்கிற மாதிரி சொல்லிவிட்டார். அன்றைக்கே ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தன் பதில் முழுக்கத் தவறு, சம்பளம் கூட வேண்டுமென்றால் கேட்கத்தான் வேண்டும் என்று எழுதினார். "என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்" என்று ஒரு வார்த்தை இல்லை. விவகாரம் அதோடு அடங்கியது.

சட்டச் சிக்கல் வருமா?

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் வரும், ஜாக்கிரதை. 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், வாடிக்கையாளர்கள் முந்தைய மாதம் 100 கோடி மணி நேரத்துக்கு மேல் படம் பார்த்தார்கள் என்று தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பெருமையாக ஒரு வரி போட்டார். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரணைக்கு வந்துவிட்டது. கடைசியில் நடவடிக்கை இல்லை. எந்தப் பக்கத்தில் தகவல் வரும் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமூக ஊடகத்தில் வெளியிடலாம் என்று 2013-ல் விளக்கம் கொடுத்தார்கள். எலான் மஸ்க்குக்கு அவ்வளவு லேசாக முடியவில்லை. 2018 ஆகஸ்ட் 7 அன்று, டெஸ்லா பங்குகளை 420 டாலர் விலையில் வாங்கி கம்பெனியைப் பங்குச்சந்தையிலிருந்து எடுத்துவிட யோசிப்பதாகவும் பணம் தயார் என்றும் ட்வீட் போட்டார். அவருக்கு 2 கோடி டாலர், டெஸ்லாவுக்கு 2 கோடி டாலர் அபராதம். சேர்மன் பதவியும் போனது.

நம் ஊரில் பங்குச்சந்தையைக் கண்காணிக்க செபி இருக்கிறது. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலைச் சொல்வது 2015-ஆம் ஆண்டு 'இன்சைடர் டிரேடிங்' (உள்தகவல் வணிகம்) விதிகளில் மாட்டும். புது ஆர்டர், காலாண்டு விற்பனை, பேச்சுவார்த்தையில் இருக்கும் கூட்டு என்று எதையும் பதிவில் தொடுவதற்கு முன் கம்பெனி செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் இந்தத் தலைவலி குறைவு. வாடிக்கையாளர் ரகசியம் மட்டும் பத்திரம்.

வேறொருவரை வைத்து எழுதலாமா?

இது என் சாப்பாட்டு விஷயம், அதனால் என் பதிலைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். எழுதவைக்கலாம். யோசிக்கவைக்க முடியாது.

இங்கே ஒரு சம்பவம். மோட்டார் பம்பு செய்யும் ஒருவர் கட்டுரை வேண்டும் என்று வந்தார். அவர் ஆபீசில் தயார் செய்த வரைவு 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் மூச்சு' என்று ஆரம்பித்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, போன வருடம் அதிகமாகத் திரும்பி வந்த மோட்டார் எது என்று கேட்டேன். முகம் மாறியது. அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஒரு பக்கத்து மாவட்டத்திலிருந்து மட்டும் சப்மெர்சிபிள் மோட்டார்கள் காயில் எரிந்து வந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஆள் அனுப்பிப் பார்த்தால், லைன் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் போதிய வோல்டேஜ் கிடையாது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும், காயில் சூடாகி எரியும். கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. ஆனால் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று விவசாயிகள் அதன் அளவை ஏற்றி வைத்துவிட்டார்கள் அல்லது அதைத் தவிர்த்து நேரடியாகக் கரண்டைக் கொடுத்துவிட்டார்கள். "முதல் ஆறு மாசம் நாங்களும் அவங்க மேலேயே பழியைப் போட்டோம் சார். அப்புறம்தான் குறைஞ்ச வோல்டேஜுக்குத் தக்க காயிலை மாத்திக் கட்டினோம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுக்கச் சொல்லி அவர் மகன் மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. கட்டுரைக்கு வந்த லைக் நாற்பதைத் தாண்டவில்லை. ஆனால் காயில் கட்டும் கடைக்காரர்களும் டீலர்களும் அதை வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள். எழுதியது நான். அதில் என் மூளையிலிருந்து வந்தது ஒரு வரி கிடையாது.

ஏஐ இருக்கிறதே, அதை வைத்தே எழுதிக்கொள்ளலாமே?

எழுத்துப்பிழை திருத்த, நீளத்தைக் குறைக்க வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மோட்டார் எரிந்த கதை, நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது.

தமிழில் எழுதினால் யார் படிக்கிறார்கள்?

உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்கிறவர் ஆங்கிலத்தில் எழுதட்டும். ஈரோட்டு டீலருக்கும் சேலத்து ஃபோர்மேனுக்கும் ஆங்கிலத்தில் எழுதுவது யாருக்காக என்று தெரியவில்லை.

மொழியைவிட எங்கிருந்து பேசுகிறோம் என்பது முக்கியம் என்பதற்கு ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு நல்ல உதாரணம். அவர் பெரும்பாலும் எழுதுவது எக்ஸ் தளத்தில், ஆங்கிலத்தில்தான். ஆனால் கிராமத்தில் இருந்துகொண்டே உலகத்தரமான மென்பொருள் செய்யலாம் என்று அவர் சொல்லும்போது தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் இருக்கிறது. கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை என்று சொல்லும்போது 2005 முதல் நடக்கும் ஸோஹோ பள்ளி இருக்கிறது. அவருடைய எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடு கிடையாது. சிலவற்றைப் படித்தால் ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் 2025-ல் சிப் தயாரிப்புத் திட்டத்தைக் கைவிட்டபோது அவர் எழுதியதை என் கட்சிக்காரர்களுக்குக் காட்டுவதுண்டு. இதற்கு அரசு உதவி தேவை, மக்கள் வரிப்பணத்தை வாங்குவதற்கு முன் தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வேண்டும், அது எங்களுக்கு வரவில்லை, அதனால் இப்போதைக்கு நிறுத்துகிறோம் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். ஆரம்பிப்பதை எல்லோரும் அறிவிப்பார்கள்.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லைக்கை எண்ணாதீர்கள். லைக் போடுகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் ஊழியர்கள். நான் பார்க்கச் சொல்வது மூன்று விஷயம்: முதல் தடவை பேசுகிற வாடிக்கையாளர் நீங்கள் எழுதிய ஏதாவது ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறாரா, வேலைக்கு வந்தவர் அதைப் படித்துவிட்டு வந்தாரா, போட்டிக் கம்பெனிக்காரர் எரிச்சலாகிறாரா. மூன்றாவது நடந்தால் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம்.

அவசரம் கூடாது. ஒரு வருடத்துக்கு முன் எதுவும் தெரியாது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை எழுத வேண்டும்?

சொல்வதற்கு இருக்கும்போது. தினமும் காலையில் 'இன்றைய சிந்தனை' போடும் முதலாளிகளைப் பார்த்தால், கம்பெனியை யார் நடத்துகிறார்கள் என்று கவலையாக இருக்கிறது. பஃபெட் வருடத்துக்கு ஒன்றுதான் எழுதினார். உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று போதும்.

எப்போது நிறுத்துவது?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். புதிதாகத் தெரிந்துகொள்வது நின்று, பழைய கதைகளையே மெருகேற்றிச் சொல்லத் தொடங்கும்போது நிறுத்தலாம். அல்லது நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது. 2025 நவம்பரில், 95 வயதில், பஃபெட் பங்குதாரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆண்டறிக்கைக் கடிதத்தை இனி எழுதப் போவதில்லை, ஆண்டுக் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசப் போவதுமில்லை, அமைதியாகப் போகிறேன் என்றார். வருடா வருடம் அமெரிக்கர்களின் நன்றி நாளையொட்டி (தேங்க்ஸ்கிவிங்) ஒரு கடிதம் மட்டும் வரும் என்றார். அவருக்கு அடுத்து கிரெக் ஏபெல் தலைமைப் பொறுப்புக்கு வர அப்போது இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. பேனாவையும் சேர்த்துத்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார்.